பீச்சாங்கை ராஜா

இந்த வாரமும் கோணல்மாணலாகத்தான் எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பில்லை, ஞாபகமும் முன்போல இல்லை. போன வாரம், கல்யாணம் முடிந்து மாட்டு வண்டியில் வடக்குப்பட்டுக்கு வந்ததாக எழுதியிருந்தேன். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "நாம பஸ்ஸுலதான வந்தோம்? வாலாஜாபாத்துல நீ வாந்தி கூட எடுத்தியே" என்கிறார். இருக்கும். இத்தனை வருஷம் ராஜா கதை எழுதின கை. நான் சொல்லாமலே வண்டியைப் பூட்டிவிட்டது.

இந்த வாரம் எழுதப்போவதில் வாந்தி இல்லை. கேசரி இருக்கிறது.

ஒருநாள் காலையில் முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியார். என் மகள் மல்லிகா அவரிடம்தான் ஐந்தாவது படித்தாள். அதுவரை அவர் எங்கள் தெருப் பக்கமே வந்ததில்லை. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

"மல்லிகாம்மா, வூட்ல ரவை கீதா?"

"கீது சார்."

"நாளைக்கு ஆண்டுப் பரீட்சை. மெட்ராஸ்லேருந்து ஒரு பெரிய மனுஷர் நம்ம பள்ளிக்கூடத்துக்கு வர்றாரு. சரித்திர வித்தகர் வடக்கூரான். நீ பேரு கேள்விப்பட்டிருக்க மாட்டே."

"இல்ல சார்."

"அது சரி, ஒனக்கெங்க தெரியப்போவுது. எனக்கு ரொம்ப வேண்டியவரு. ஒரே பெஞ்சு. அவருக்குக் கேசரின்னா உயிரு. நெய்ய தாராளமா வுட்டுப் பண்ணிக் குடு. முந்திரி நான் குடுத்தனுப்பறேன்."

முந்திரி கடைசிவரை வரவில்லை. அது போகட்டும்.

எனக்குக் கேசரி பிடிக்காது. இனிப்பு தின்றால் பல் கூசும். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? அந்த வடக்கூரான் நான்தான்.

பட்டம் வந்த விதம்

நான் பிறந்தது பென்னலூர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்த அன்றைக்கே ஒரு கன்றுக்குட்டியைக் கொடுத்து மேய்க்கச் சொன்னார்கள். கல்யாணம் ஆன பிறகு வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூரில் அரிசி மில்லில் வேலையாக இருந்தார். மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படித்துப் போட்ட சிறுவர் பத்திரிகைகளை எடைக்குப் போடுமுன் எனக்கு எடுத்து வருவார். அவருக்கு அது சுலபம். புடவை கேட்கிற பெண்டாட்டியைவிடப் பழைய பேப்பர் கேட்கிற பெண்டாட்டி தேவலை.

அதில் ஒரு வாரப் பத்திரிகை, சரித்திரக் கதை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது. நான் பென்சிலால் எழுதினேன். ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒரு மோசம். ராஜா எப்படிப் பேசுவார் என்பது கூத்து பார்த்துத் தெரியும். மந்திரி எப்படி மோசம் செய்வார் என்பது பங்காளிகளைப் பார்த்துத் தெரியும். வேறு ஆராய்ச்சி ஒன்றும் நான் செய்யவில்லை. பெயர் போடக் கூசி, கீழே ஊரையும் மில் விலாசத்தையும் மட்டும் எழுதி அனுப்பினேன்.

"புலவர் ஐயா அவர்களுக்கு" என்று பதில் வந்தது. பயந்துபோய் வீட்டுக்காரரை மெட்ராசுக்கு அனுப்பினேன். அவர் போய் எடிட்டரிடம் விஷயத்தைச் சொன்னார். எடிட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரையே பார்த்தாராம்.

"பொம்பளையா?"

"ஆமாங்க."

"எது வரைக்கும் படிச்சிருக்காங்க?"

"அஞ்சாவதுங்க."

"வெளியில சொல்லிடாதீங்க. அப்புறம் பிள்ளைங்க சரித்திரத்தையே நம்பாது."

அடுத்த வாரம் கதை வந்தது. 'சரித்திர வித்தகர் வடக்கூரான்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. யூனிவர்சிடிக்காரர்கள் வருஷக்கணக்கில் படிக்கவைத்துக் கொடுப்பதை எடிட்டர் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் கொடுத்துவிட்டார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. நாலு பேர் நின்றால் நான் தெருவில் நடக்கவே கூசுவேன். இந்த வித்தகர் என்னை மறைத்துக்கொண்டு நின்றார். கடிதங்கள் மில் விலாசத்துக்கு வந்தன. விஷயம் தெரிந்தவர்கள் ஊரில் மூன்றே பேர்: நான், வீட்டுக்காரர், மல்லிகா.

ஏரியில் கப்பல்

அந்தக் காலத்தில் படம் போட பிளாக் வேண்டும். துத்தநாகத் தகட்டில் படத்தை அரித்தெடுத்து, மரக்கட்டையில் அறைந்து, எழுத்தோடு எழுத்தாக வைத்து அச்சடிப்பார்கள். புது பிளாக் செய்ய எடிட்டருக்கு மனசு வராது. அவரிடம் பழைய பிளாக்குகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அதற்குத் தகுந்தபடி நான் கதை எழுத வேண்டும். கார்டு வரும்:

"யானை பிளாக் சும்மா கிடக்கிறது. இந்த வாரம் யானை வரட்டும்."

யானை வரும். அடுத்த வாரம் நாட்டியக்காரி வருவாள். மூன்றாம் வாரம் மறுபடியும் அதே யானை, அதே காலைத் தூக்கிக்கொண்டு.

ஒரு வாரம் "கப்பல் பிளாக்கைப் பயன்படுத்தவும்" என்று கார்டு வந்தது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. என் ராஜாக்கள் எல்லாரும் வடக்குப்பட்டைச் சுற்றித்தான் ஆண்டார்கள். இப்போது புதுக் கார்களுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி வரிசையாக நிறுத்தியிருக்கிற கம்பெனி மைதானம் இருக்கிறதே, அங்கேதான் கோட்டை வைத்திருந்தேன். முள்ளுக்காடு, யாருடைய நிலத்தையும் கேட்க வேண்டியதில்லை. அங்கே கப்பலுக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்து, செம்பரம்பாக்கம் ஏரியில் விட்டேன். மூன்று பாய்மரம் கட்டின கப்பல்.

ஒரு பையன் மட்டும், ஏரியில் அவ்வளவு பெரிய கப்பல் எப்படித் திரும்பும் என்று கேட்டு எழுதினான். அந்தக் காலத்தில் ஏரி பெரியது என்று பதில் போட்டேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. பிற்காலத்தில் எஞ்சினியர் ஆகியிருப்பான்.

எடிட்டரோ நான் எழுதியதைப் படிப்பதே இல்லை. பிளாக்குக்கு இடம் இருக்கிறதா என்று மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுவார். இது எனக்கு ரொம்ப நாள் குறையாக இருந்தது.

கை மாறியது

பிறகு ஒரு தீபாவளி சமயம் பத்திரிகைக்கு விற்பனை ஏறி, எடிட்டருக்கே மனசு இளகி, என் புதுத் தொடருக்குப் புதுப் படம் போடச் சொன்னார். ராஜாவின் பெயர் செங்கழனியான். வயசு சின்னது, அப்பா போரில் இறந்தவுடன் பட்டத்துக்கு வந்தவன். ஓவியர் அழகாக வரைந்தார். பிளாக் செய்கிற இடத்தில் யாரோ பிலிமை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அச்சில் வந்தபோது ராஜாவின் வாள் இடது கையில் இருந்தது.

வேறு ஒருவராயிருந்தால் தப்பு என்று ஒத்துக்கொண்டு புது பிளாக் செய்திருப்பார். எங்கள் எடிட்டர் கார்டு போட்டார்:

"மன்னன் இடக்கை வீரன் என்று அடுத்த வாரம் முதல் எழுதவும். புதுமையாக இருக்கும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பத்திரிகை வீட்டுக்கு வந்த அன்று மல்லிகா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! ராஜா என்ன மாதிரியே கீறாரும்மா!"

மல்லிகாவுக்கு இடது கைதான் கை. பால் குடிக்கிற வயசில் என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்ததே அந்தக் கையால்தான். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பீச்சாங்கை" என்பார்கள். கோயிலில் விபூதிக்குக் கை நீட்டினால் தட்டிவிடுவார்கள். கடையில் காசு நீட்டினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறந்ததிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்காத கை. இப்போது அதே கையில் ஒரு ராஜா வாள் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அன்று ராத்திரி அந்தப் பத்திரிகையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினாள். நானும் எரிச்சலை விட்டுவிட்டு, மனசாரவே எழுத ஆரம்பித்தேன். செங்கழனியான் இடது கையால் வாள் வீசினான், ஓலை எழுதினான், ஏழைகளுக்கு நெல் அள்ளிப் போட்டான். எதிரிகளுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெட்டு விழும் என்றே தெரியவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியாமல் போய்விட்டது. எதிர்வீட்டுத் தனபாக்கியம் அக்கா ஒருநாள் குடத்தோடு வந்து நின்றாள்.

"கன்னிம்மா, இந்த அநியாயத்தைக் கேட்டியா? எம் புள்ள பீச்சாங்கையால சோறு துன்றான். கேட்டா, நான் செங்கழனியான்றான்."

"அய்யோ" என்றேன்.

"அந்தக் கதை எழுதற கட்டையில போறவன் எவன்னு தெரியல. என் கையில கெடைச்சான், தொடப்பத்தால சாத்திடுவேன்."

"சாத்த வேண்டியதுதான்க்கா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் மல்லிகா சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் பாவாடையை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

என் சிநேகிதர் வடக்கூரான்

பெரிய வாத்தியார் அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் பள்ளிக்கூடத்துக்கே சரியாக வரமாட்டார். அதனால் மல்லிகா எந்தக் கையால் எழுதுகிறாள் என்று அவருக்குத் தெரியாது. இவர் தினமும் வந்துவிட்டார். முதல் வாரமே மல்லிகாவின் இடது கையைத் துண்டால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டினார். வலது கையால் எழுதவைத்தார். கோழி கிளறின மாதிரி எழுதினாள். அவிழ்த்துக்கொண்டு எழுதினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே வாத்தியார் அதே வகுப்பில் என் தொடரைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவார். நன்றாகப் படிப்பாராம். குதிரைச் சத்தம் எல்லாம் நாக்கால் போடுவாராம். படித்து முடித்ததும், வடக்கூரான் தனக்கு எப்படி எப்படிச் சிநேகிதர் என்று சொல்வார். மல்லிகா வந்து என்னிடம் சொல்வாள்.

"அம்மா, போன ஞாயித்துக்கெழம சார் ஒன்கூட மெட்ராஸ்ல காபி குடிச்சாராம்."

"அப்படியா? யாரு காசு குடுத்தாங்களாம்?"

"அவர்தானாம். நீ வேணாம் வேணாம்னியாம். ஒனக்குப் பெரிய மீசையாம்மா, நரைச்சதாம்."

ராஜாவுக்கு இடது கை என்று வந்தவுடன் வாத்தியார் கொஞ்சம் தடுமாறினார். பிறகு, அந்த விவரத்தை வடக்கூரானுக்குச் சொன்னதே தான்தான் என்று சொல்லிவிட்டார். ஏதோ பழைய கல்லில் பார்த்தாராம். கட்டின கையோடு மல்லிகா கேட்டிருக்கிறாள், "அப்ப நான் எழுதலாமா சார்?"

"அவரு ராஜா. நீ இன்னா ராஜாவா?" என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆண்டுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பீச்சாங்கையால் எழுதின பேப்பரைத் தொட மாட்டாராம், திருத்த மாட்டாராம். ஐந்தாவது பாஸ் போட்டால்தான் ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலில் ஆறாவது சேர்க்க முடியும். வலது கையால் எழுதினால் மல்லிகாவின் பேப்பரைக் கடவுளாலும் படிக்க முடியாது. ஐந்தாவதோடு நின்ற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கன்றுக்குட்டி.

வீட்டுக்காரர் போய்க் கேட்டார். "ஒரு எழுத்து எந்தக் கையில வந்தா இன்னா சார், ஒரே எழுத்துதான?" என்றார். வாத்தியார், "மில்லுல ஒனக்கு இன்னா வேலையோ அத்தப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு கடிதம்

அந்தச் சமயத்தில் மில் விலாசத்துக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று எடிட்டர் எழுதியது. இடக்கை ராஜாவால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஊர் ஊராகப் பெற்றோர்கள் புகார் எழுதுகிறார்களாம். "அடுத்த வாரமே போர் வரட்டும். போரில் மன்னனின் இடது கை துண்டாகட்டும். பிறகு அவன் வலக்கையால் ஆளட்டும்." தப்பாக பிளாக் செய்தவனுக்கு ஒன்றும் இல்லை, ராஜாவுக்குக் கை போக வேண்டும்.

இன்னொன்று, புகார் எழுதினவர்களில் ஒருவருடைய கடிதம். என் பதிலுக்காக எடிட்டர் இணைத்திருந்தார். "மேன்மை தங்கிய வித்தகர் அவர்களுக்கு, தங்களை நேரில் காணும் பாக்கியம் அடியேனுக்கு இதுவரை கிட்டவில்லை எனினும்" என்று ஆரம்பித்திருந்தது. கீழே எங்கள் ஊர்ப் பெரிய வாத்தியாரின் கையெழுத்து.

மல்லிகா அதை மூன்று தடவை படித்தாள். "அப்ப காபி?" என்றாள். நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. தொடரின் கடைசியில் 'வடக்கூரான் பதில்கள்' என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளைகள் கேட்பார்கள், நான் பதில் எழுதுவேன். அதில் இப்படி எழுதினேன்:

"வடக்குப்பட்டுப் பெரிய வாத்தியார் அவர்களின் கடிதம் கிடைத்தது. இவர் என் பால்ய நண்பர் என்பதை இவருடைய மாணவர்கள் மூலம் அறிந்தேன். நண்பரை மறந்தது என் குற்றமே. இவர் பள்ளியில் இடக்கையால் எழுதும் சிறுமி ஒருத்தி இருப்பதாகக் கேள்வி. ஆண்டுப் பரீட்சையன்று நேரில் வந்து, அவள் எழுதும் அழகைக் கண்டு, நண்பரையும் பார்த்துப் போக உத்தேசம்."

எடிட்டர் படிக்கவில்லை. அப்படியே வந்துவிட்டது. அவர் படிக்காதது எனக்குக் குறை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் குறையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் நடந்ததை மல்லிகா நடித்தே காட்டினாள்.

"குதிரை சத்தம்லாம் போட்டு நல்லா படிச்சிக்கினே வந்தாரும்மா. கடைசில ஒன் பதிலு வந்துச்சா? 'பால்ய நண்பர்'னு படிச்சாரு. நின்னுட்டாரு. தண்ணி குடிச்சாரு. அப்புறம் மணி அடிக்கச் சொல்ட்டாரு. மணி மூணுகூட ஆவலம்மா!"

திங்கட்கிழமை துண்டு இல்லை. மல்லிகாவின் கை சும்மா விடப்பட்டது.

ஆனால் எனக்கு வேறு கவலை. பரீட்சைக்கு இன்னும் பல வாரம் இருந்தது. அதற்குள் ராஜாவின் இடது கை போய்விட்டால், "பார், வித்தகரே திருந்திவிட்டார்" என்று வாத்தியார் மறுபடி துண்டை எடுப்பார். ஆகவே போர் வரக் கூடாது. ஒரு வாரம் மழை பெய்தது. ஒரு வாரம் ராஜாவின் குதிரைக்கு வயிற்றுவலி. ஒரு வாரம் ஜோசியர் நாள் சரியில்லை என்றார். ஒரு வாரம் முழுக்கச் சேனைக்குச் சோறு வடித்தேன். எனக்குத் தெரிந்த வேலை, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். போர் எப்போது என்று பிள்ளைகள் கேட்டார்கள். எடிட்டர் தந்தி அடித்தார்: "கையை வெட்டு." தந்தி ஆபீஸ்காரர் பயந்துபோய், மில்லில் ஏதாவது தகராறா என்று வீட்டுக்காரரை விசாரித்தார்.

வித்தகர் வந்து போனார்

இப்படியாகத்தான் வாத்தியார் என் வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு ரவை கேட்டு வந்து நின்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மாவிலைத் தோரணம். மல்லிகாவை முதல் வரிசையில், வாசலுக்கு நேராக உட்காரவைத்திருந்தார்கள். வாத்தியாரே அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார். "எழுதும்மா, எழுது, ஒனக்கு எந்தக் கை சௌகரியமோ" என்று சொல்லிக்கொண்டே வாசலையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேசரித் தூக்கோடு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் இடது கை பேப்பரில் மளமளவென்று போவதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். வித்தகர் பார்க்க வந்தது அதைத்தான். பார்த்துவிட்டார்.

பஸ் வருகிற சத்தம் கேட்டால் வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். பஸ்ஸிலிருந்து ஆடு இறங்கும், மூட்டை இறங்கும். வித்தகர் இறங்கவில்லை. மூன்றாவது பஸ்ஸுக்குத் தூக்கையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது தூக்கு காலி. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"வித்தகர் வரலியா சார்?"

"வந்துட்டாரே! ரோட்டுலயே பார்த்துப் பேசிட்டு அனுப்பிட்டேன். அவசர வேலையாம். ஒன் கேசரியத் துன்னுட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டாரு."

மீசையில் ரவை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆனா நெய்தான் கொஞ்சம் கம்மின்னு சொன்னாரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை.

வித்தகர் எப்போது வேண்டுமானாலும் மறுபடி வருவார் என்ற பயத்திலோ என்னவோ, மல்லிகாவின் பேப்பரை முதலில் திருத்திப் பாஸ் போட்டார்.

முற்றும்

இனிமேல் என்ன, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். எடிட்டரின் கோபத்தைத் தணிக்க அந்த வாரமே போர் வைத்தேன். சூரியன் மறைகிற நேரம், புழுதி, கூச்சல். செங்கழனியானின் இடது கை துண்டாகி விழுந்தது. அத்தியாயம் முடிந்தது.

அதைப் படித்த அன்று மல்லிகா தட்டைத் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா வெட்டின?"

"எடிட்டர் சொன்னாருடி. ஒனக்குத்தான் பரீட்சை முடிஞ்சிச்சே."

"பரீட்சைதான முடிஞ்சிச்சி? எனக்கு இந்தக் கைதான கீது?"

தள்ளின தட்டை எடுத்து மறுபடி அவள் முன்னால் வைத்தேன். வீட்டுக்காரர்தான் பேசினார்.

"ஒட்டவெச்சிடு. கதைதான?"

"வெட்டின கைய எப்படிங்க ஒட்டறது?"

"ஏரில கப்பல் வுட்டவதான நீ?"

அடுத்த அத்தியாயத்தில் விடிந்தது. போர்க்களத்தில் கிடந்த கையை வீரர்கள் எடுத்துப் பார்த்தார்கள். விரலில் எதிரி ராஜாவின் மோதிரம் இருந்தது. புழுதியில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். செங்கழனியான் கூடாரத்தில் உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

எடிட்டர் இதையும் படிக்கவில்லை. ஆனால் பெற்றோர்கள் படித்தார்கள். வந்து விழுந்த கடிதங்களைப் பார்த்து எடிட்டர் முதல் முறையாக என் கதையை உட்கார்ந்து படித்திருக்கிறார். அத்தோடு என் தொடர் முடிந்தது. என்னைக் கேட்கவில்லை. நான் அனுப்பியிருந்த அத்தியாயத்தை எடுத்துப் போட்டுவிட்டு, கடைசிப் பத்தியை அவரே எழுதிக்கொண்டார்: "பின்னர் மன்னன் வலக்கையில் செங்கோல் ஏந்தி நெடுங்காலம் நல்லாட்சி புரிந்தான். முற்றும்." நான் இத்தனை நாள் எழுதியதில் அவர் பங்குக்கு எழுதியது இந்த ஒரு வரிதான். யானைகூட இல்லை.

பிறகு சில வருஷம் வடக்கூரானை யாரும் கேட்கவில்லை. மில்லுக்குக் கார்டு வராத நாட்களில் வீட்டுக்காரர் தெருமுனையிலேயே தலையை ஆட்டிவிட்டு வருவார். எழுபதுகளில் வேறு ஒருவர் தேடி வந்து, பள்ளிக்கூடப் பரிசுப் புத்தகங்களாக என்னை எழுதவைத்தார். அதையெல்லாம் பின்னால் சொல்கிறேன். ராஜாக்களை அவர் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சமையல்காரனோ காவல்காரனோ இடது கைக்காரனாக இருப்பான். அவர்களைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை.

தொடர் முடிந்த பத்திரிகை வந்த அன்று மல்லிகா அந்தக் கடைசி வரியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து 'வலக்கையில்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'இடக்கையில்' என்று எழுதினாள். எழுத்து அழகாக இருந்தது. ஆறாவது சேரப் போன அன்று அந்தப் பத்திரிகையைப் பையில் வைத்து எடுத்துப் போனாள். புது டீச்சர் கையைப் பற்றி ஏதாவது கேட்டால் காட்டுவதற்காம். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லையாம். அவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

நான் எத்தனை வாரம் போரைத் தள்ளிப்போட்டேன், தந்தி முதலில் வந்ததா குதிரைக்கு வயிற்றுவலி முதலில் வந்ததா என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. அந்தப் பழைய இதழ்களை யாராவது பத்திரமாக வைத்திருந்தால், ஒருமுறை புரட்டிப் பார்த்து, நான் எழுதியதில் தப்பு இருந்தால் பத்திரிகைக்கு எழுதித் திருத்துங்கள். கடைசிப் பத்தியை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் வீட்டில் இருக்கிற பிரதியில்தான் அது சரியாக இருக்கிறது.